மைக்கை அணைத்து வைத்த ரசிகைகள்

2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. கல்வான் மோதல் நடந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ், நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அந்தப் பட்டியலில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை இன்று யாருக்கும் நினைவில்லை. பப்ஜி மொபைலை மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்தியாவில் அதுவரை சுமார் 17.5 கோடி முறை அது தரவிறக்கப்பட்டிருந்தது.

விளையாடாத தோழிகளுக்காக ஒரு சிறு விளக்கம். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கிடைக்கிற ஆயுதத்தை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட வேண்டும். கடைசிவரை உயிரோடு இருக்கும் ஆளோ அணியோ வெற்றி பெறும். நான்கு பேர் சேர்ந்தால் அது ஒரு ஸ்குவாட். அந்த நால்வரும் ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் மைக்கில் பேசிக்கொண்டே ஆடலாம். "பின்னாடி வர்றான்", "வண்டிய எடு", "என்னைக் காப்பாத்து" என்று கத்திக்கொண்டே ஆடுவதுதான் அதன் ருசி. இந்தக் கத்தலை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் விளையாடுகிறவள் இல்லை. கடலூரில் குடியிருந்துகொண்டு தினமும் பேருந்தில் சிதம்பரத்துக்குப் போய்ப் பாடம் நடத்துகிறவள். ஊரடங்குக் காலத்திலும் அதற்குப் பிறகும் என்னைச் சுற்றியிருந்த பிள்ளைகள் இந்த ஒரு விளையாட்டுக்காக அழுததையும் சண்டை போட்டதையும் மனுப் போட்டதையும் பார்த்தேன். தடை, மீட்பு, மறுபடி தடை, மறுபடி மீட்பு என்று மூன்று வருடம் நீண்ட கதை இது. அதைப் பெண்கள் நின்ற இடத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

தடை வந்த இரண்டாம் நாளே, செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்‌ஷய் குமார் ஃபௌஜி என்றொரு உள்நாட்டு விளையாட்டை அறிவித்தார். 2021 குடியரசு தினத்தன்று அது வெளியானது. ரசிகர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது பப்ஜிதான். அதன் உரிமையாளரான கொரிய நிறுவனம், சீனாவின் டென்சென்ட்டிடமிருந்து இந்திய வெளியீட்டு உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அக்டோபர் 30இல் சர்வர்கள் நின்றன. நவம்பரில், இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பு வரும், 10 கோடி டாலர் முதலீடு செய்வோம் என்று அறிவிப்பு வந்தது. அதன்பின் மாதக்கணக்கில் மௌனம்.

அந்த மௌனத்தில்தான் இயக்கம் வளர்ந்தது. ஹேஷ்டேக்குகள், இணையக் கையெழுத்து மனுக்கள், "எப்போது வரும்" என்று தினம் ஒரு காணொளி போட்ட யூடியூபர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் அமைச்சகத்திடம் கேள்வி கேட்டவர்கள். விபிஎன் வழியாக வெளிநாட்டுப் பதிப்பை ஆடியவர்களும் குறைவில்லை. 2021 மே 18இல் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற புதுப் பெயரில் முன்பதிவு தொடங்கியதும் இரண்டே வாரத்தில் 2 கோடிப் பேர் பதிந்தார்கள். ஜூலை 2 அன்று விளையாட்டு வந்தது. பிஜிஎம்ஐ என்று பெயர் சுருங்கினாலும் எங்கள் பக்கத்தில் இன்றுவரை அது பப்ஜிதான்.

இந்த இயக்கத்தின் முகங்கள் எங்கே தெரிந்தன? கடலூரில் என்றால் கெடிலம் பாலத்தின் ஓரத்தில், மஞ்சக்குப்பம் மைதானத்தில், சில்வர் பீச்சின் சிமெண்ட் பெஞ்சுகளில். சிதம்பரத்தில் என்றால் கீழவீதி டீக்கடை வாசலில், அண்ணாமலை நகர் சாலையோரத்தில். நான்கு பையன்கள் தோள் உரச உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார்கள். ஊருக்கு அது பழகிப்போனது. "வேலையத்த பசங்க" என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். எனக்குத் தெரிந்தே ஒரு டஜன் பேர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், போர்வைக்குள், விடுதியில் விளக்கணைத்த பிறகு. அவர்களில் பெரும்பாலானோர் மைக்கை அணைத்து வைத்தே ஆடினார்கள். "குரல் கேட்டா அவ்வளவுதான் மேம். முதல்ல 'பொண்ணா?'ன்னு கேப்பான். அப்புறம் நம்பர் கேப்பான். குடுக்கலைன்னா அசிங்கமாத் திட்டுவான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஆண் பெயரில் ஐடி வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் விளையாட்டிலேயே இருக்கும் தயார் வாசகங்களைத் தட்டிச் சொல்வாள். எதிரி எங்கே என்று சொல்ல அவளுக்கு இரண்டு நொடி கூடுதலாகப் பிடிக்கும். அந்த இரண்டு நொடியில் சுட்டுவிடுவார்கள். திறமை குறைவு என்று அவளை அணியிலிருந்து நீக்கியும் இருக்கிறார்கள்.

இது இவளுடைய மனப்பிரமை என்று நினைப்பவர்கள் 2021 ஜூனைத் திரும்பிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அப்போது லட்சக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்த யூடியூபர் பப்ஜி மதன். தடைசெய்யப்பட்ட விளையாட்டை நேரலையில் ஆடியபடி பெண்களை ஆபாசமாகப் பேசுகிறார் என்று புகார்கள் குவிந்தன. முன்ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை என்று நீதிபதியே சொன்னார். ஜூன் 18இல் தருமபுரியில் கைதானார். இரண்டு நாள் முன்பே, சேனலின் நிர்வாகி என்று அவருடைய மனைவியைக் கைக்குழந்தையோடு பிடித்தாயிற்று. மதனைக் கண்டித்த ஊடகங்கள் "நம் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று எழுதின. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஆட வேண்டியிருந்த பெண் பிள்ளைகள் அந்த "பிள்ளைகள்" கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை. இது நடந்து சரியாகப் பதினான்கு நாளில் பிஜிஎம்ஐ வெளியானது. வருகிற உற்சாகத்தில் எல்லோரும் மதனை மறந்துவிட்டார்கள்.

நிறுத்தப்பட்ட ஒன்றைத் திருப்பிக் கொண்டுவர ரசிகர்கள் திரளும் கலையே உலகளவில் பெண்கள் கட்டியெழுப்பியதுதான். அமெரிக்காவில் ஸ்டார் டிரெக் தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1967-68இல் கடித இயக்கத்தை ஒருங்கிணைத்தவர் பீஜோ டிரிம்பிள் என்ற பெண். அவருடைய கணவரும் கூட நின்றார். யாருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது என்று ஊர் ஊராக ரசிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும் என்று தொலைக்காட்சியே ஒலிபரப்பில் அறிவித்தது. இரண்டு பெண் காவலர்களைப் பற்றிய காக்னி அண்ட் லேஸி 1983இல் நிறுத்தப்பட்டபோதும் கடிதங்கள்தான் அதை மறு ஆண்டு மீட்டன. அந்தப் பெண்களிடம் தபால் தலை இருந்தது, சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடும் துணிச்சலும் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண் பிள்ளையிடம் பப்ஜி ஆடுகிறாள் என்பதே வெளியில் சொல்ல முடியாத விஷயமாக இருக்கும்போது மனுவில் எந்தப் பெயரைப் போடுவாள்?

திரும்பி வந்த விளையாட்டு நிபந்தனைகளோடு வந்தது. ரத்தத்தின் நிறம் பச்சையானது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம். பெற்றோரின் கைபேசி எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் ஓடிபியைப் போட்டால்தான் உள்ளே போக முடியும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் தெருவில் நடந்தது வேறு. பையன் அப்பாவிடம் போனை வாங்கி ஓடிபியை அவனே பார்த்துப் போட்டுக்கொண்டான். பெண் பிள்ளைக்கு அந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்பதென்றால், இதுவரை மறைத்து வைத்த அத்தனையையும் ஒப்புக்கொள்வது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் 54 விழுக்காட்டினரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருந்தது. மற்ற வீடுகளில் போன் என்பது அப்பாவுடையது, அண்ணனுடையது, கணவருடையது. அதில் பிடித்த ஒன்றை வைத்துக்கொள்வதே இரவல்.

2022 ஜூனில் லக்னோவில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாயைச் சுட்டுக் கொன்றான். விளையாட விடாமல் தடுத்ததுதான் காரணம் என்று காவல்துறை சொன்னது. மாநிலங்களவையில் கேள்வி எழுந்தது. ஜூலை 28 அன்று கூகுள், ஆப்பிள் கடைகள் இரண்டிலிருந்தும் பிஜிஎம்ஐ மறைந்தது. அதிகாரபூர்வக் காரணம் பழைய 69ஏதான். ஆனால் ஊரில் எல்லோரும் பேசியது அந்தக் கொலையைப் பற்றித்தான். செத்துப்போன அந்தப் பெண், பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்கும் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தவர். கணவர் ராணுவத்தில், வெளியூரில். சுட்ட துப்பாக்கி அவருடைய உரிமம் பெற்ற துப்பாக்கி. போனைப் பற்றி நாடே விவாதித்தது. வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருந்ததைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

இரண்டாம் மீட்பு முந்தையதைவிடச் சத்தமாக நடந்தது. 10 கோடிப் பயனர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று நிறுவனம் சொல்லியிருந்த விளையாட்டு. போட்டிகள், பரிசுத்தொகை, விளம்பரம் என்று ஒரு தொழிலே அதைச் சுற்றி நின்றிருந்தது. 2023 மே 19இல் மூன்று மாதச் சோதனை அனுமதி என்று ஒன்றிய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் அறிவித்தார். மே மாத இறுதியில் எல்லோர் போனிலும் அது மீண்டும் ஓடியது.

இங்கே டிக்டாக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2020 ஜூன் 29இல், பப்ஜிக்கு இரண்டு மாதம் முன்பு, அதே 69ஏவால் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். நடவு வயலிலும் மாவு அரைக்கும் இடத்திலும் நின்று பாட்டுக்கு ஆடிய பெண்கள் அதில்தான் முதல்முறை தங்களைத் தாங்களே படமெடுத்து ஊருக்குக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, 2019 பிப்ரவரியில், கலாச்சாரம் கெடுகிறது, தடை கோருவோம் என்று அன்றைய தமிழ்நாட்டு அமைச்சர் மணிகண்டன் சட்டமன்றத்தில் சொன்னார். ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தற்காலிகத் தடை போட்டு, மூன்று வாரத்தில் விலக்கிக்கொண்டது. ஆனால் 2020 தடைக்குப் பிறகு? "ஒழிந்தது சனியன்" என்றார்கள். தங்கள் மனைவிமாரும் தங்கைகளும் ஆடுவது நின்றதே என்று நிம்மதியடைந்த வீடுகளை நானே அறிவேன். பப்ஜியைப் போல அதை மீட்கச் சொல்லித் தெருவெல்லாம் யாரும் பேசவில்லை. இன்னும் திரும்பவில்லை. இரண்டும் ஒரே சட்டப் பிரிவு, ஒரே சீனா. பையன்கள் இழந்தது மட்டும்தான் இழப்பாகப் பட்டது.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது இன்னொரு பழைய கதையும் வந்து ஒட்டிக்கொள்கிறது. கோயில்களில் பரம்பரையாகப் பெண்கள் ஆடிய சதிர் இழிவாக்கப்பட்டது. 1947இல் பொட்டுக்கட்டுதலைச் சட்டம் தடை செய்தது. அது தேவையான சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு முன்பே அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற புதுப் பெயரோடு சபாக்களுக்குப் போய்விட்டிருந்தது. 1981இல் நடராசர் கோயிலில் நாட்டியாஞ்சலி தொடங்கியபோது அது மீண்டும் கோயிலுக்கே வந்தது. ஆட்டம் திரும்பியது. அதை ஆடிக் காப்பாற்றிய பரம்பரைப் பெண்கள் அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமானது. விளையாட்டையும் அந்தக் கலையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பெயர் மாறித் திரும்பும் பொருள் பழைய கைகளுக்கே போவதில்லை என்பதை மட்டும் கவனிக்கிறேன்.

2024 ஏப்ரலில் பிரதமர் ஏழு விளையாட்டு வீரர்களைச் சந்தித்தார். ஆறு ஆண்கள், ஒரு பெண், பாயல் தாரே. அந்த ஒருவரைப் பார்த்து எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி நிஜமானது. ஒருத்தி அந்தப் படத்தை முகப்புப் படமாக வைத்திருந்தாள்.

2021இல் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய பப்ஜிக் கணக்கிலிருந்த எல்லாவற்றையும் புதிதுக்கு மாற்றிக்கொள்ள வசதி செய்தார்கள். வென்ற ஆட்டங்கள், சேர்த்த உடைகள், ஏறிய நிலைகள் எல்லாம் அப்படியே வந்து சேரும். மைக் அணைத்து ஆடிய அந்தப் பெண்ணிடம், உன் கணக்கும் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு மேம். அண்ணன் ஐடில தானே ஆடினேன். அவன்தான் மாத்திக்கிட்டான். ஏஸ் வரைக்கும் நான் ஏத்தினது. இப்ப அவன் பிரெண்ட்ஸ்கிட்ட காட்டுறான்." கேட்கலையா என்றேன். "என்னன்னு கேக்கறது மேம், நான் ஆடினேன்னே வீட்ல தெரியாது."