சூதுபோர்: கூத்துக்களத்திலிருந்து கைப்பேசிக்கு

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் கோடைக்காலம் பாரதக் கூத்தின் காலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். படுகளத்தோடும் தீமிதியோடும் விழா நிறைவுறும். அவ்விரவுகளுள் மக்கள் அஞ்சியும் விரும்பியும் காண்பது சூது துகிலுரிதல் நிகழும் இரவு. துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையைத் தொடுமுன் கூத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பொறுத்தருள வேண்டுவதும் உண்டு.

எல்லா ஊர்களிலும் போலவே இவ்வூர்களிலும் இன்று கைப்பேசி ஆட்டங்கள் இளைஞர் கைகளுக்கு வந்துவிட்டன. அவற்றுள் ஒருவகை, இருவர் எதிரெதிரே நின்று சீட்டுகளால் பொருதும் ஆட்டம். விலை கொடாமல் தொடங்கலாம், பணயம் கிடையாது. ஆயினும் ஆடுவோரின் பேச்சைச் சற்றுக் கூர்ந்து கேட்டால் அதில் ஒரு பழைய வழக்கின் குரல் ஒலிக்கிறது. வென்றது திறனா, நல்லூழா, அல்லது களத்தை அமைத்தவனா என்பதே அவ்வழக்கு. தமிழ் இலக்கியமும் நம் நாட்டு நீதிமன்றங்களும் இவ்வழக்கை எவ்வாறு எதிர்கொண்டன, இன்றைய ஆட்டக்காரர் என்ன சொல்கின்றனர் என்பதைச் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமுனைப்பாடியின் பாரதம்

இன்றைய விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி பண்டு திருமுனைப்பாடி நாடு எனப்பட்டது. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இந்நாட்டுச் சனியூரில் பிறந்தவர். வக்கபாகையில் வாழ்ந்த வரபதி ஆட்கொண்டான் அவரை ஆதரித்தவன். கூத்து விழாக்களின் பகற்சொற்பொழிவுக்கு அடிப்படையாக விளங்குவது பெரும்பாலும் இவர் நூலே. அந்நூலின் சபாபருவத்தில் வரும் பகுதிக்குச் சூதுபோர்ச் சருக்கம் என்று பெயர். சூதைப் போர் என்று அழைத்த அப்பெயர் பொருத்தமானது. இருவர் எதிரெதிரே அமர்கின்றனர். ஒருவர் உடைமை மற்றவரிடம் செல்கிறது. படைக்கலம் மட்டுமே வேறு.

அப்போரில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பணயம் துரியோதனனுடையது, ஆடுபவன் சகுனி, மண்டபமும் அவர்கள் தரப்பினருடையது. தருமனுக்குச் சொந்தமாக இருந்தது ஆடும் ஆசை மட்டுமே. சகுனியின் கவறு அவன் தந்தையின் எலும்பால் செய்யப்பட்டது என்றொரு கதை தென்னாட்டு நாட்டார் வழக்கில் உண்டு. வியாச பாரதத்தில் இக்கதை இல்லை. மக்கள் இதனைப் புனைந்து சேர்த்ததற்குக் காரணம் இருக்க வேண்டும். இத்துணைத் தொடர்ச்சியான தோல்வியை ஊழ் என்று மட்டும் சொல்லி அமைதி கொள்ள அவர்களால் இயலவில்லை.

கவறு, கழகம், கை

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வள்ளுவர் இதனை வைத்திருக்கிறார். வென்றாலும் சூது வேண்டாம் என்று தொடங்கி, அவ்வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார். அவ்வதிகாரத்தின் 5ஆம் குறளில் சூதாடி இறுகப் பற்றிக்கொள்பவை மூன்று என்கிறார்: கவறு, கழகம், கை. பரிமேலழகர் உரைப்படி கழகம் என்பது ஆடும் களம். கை என்பது ஆடற்கு வேண்டிய கைத்தொழில். இன்றைய மொழியில் கூறினால், கவறு நல்லூழ், கை திறன், கழகம் ஆட்டத்தை நடத்தும் இடமும் அதன் அமைப்பும்.

இம்மூன்றனுள் நடுவே நிற்கும் கழகத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பழைய அரசுகள் மறக்கவில்லை. அர்த்தசாத்திரம் சூதுக்கென ஓர் அதிகாரியை அமர்த்தச் சொல்கிறது. ஆட்டம் ஓரிடத்தில் மட்டுமே நிகழ வேண்டும்; கவற்றை அதிகாரியே வாடகைக்குத் தருவார்; கவற்றை மாற்றினால் தண்டம்; வென்ற பொருளில் நூற்றுக்கு 5 பங்கு அரசுக்கு. யார் வென்றாலும் யார் தோற்றாலும் கழகத்திற்கு வருவாய் உறுதி என்பதை அந்நூல் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறது.

சட்டத்தின் துலாக்கோல்

இனி நம் காலத்திற்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் திறன் ஒன்றையே சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. ஆகவே எந்த ஆட்டத்தையும் துலாக்கோலின் இரு தட்டுகளில் இட்டு, திறன் கனக்கிறதா நல்லூழ் கனக்கிறதா என்று நிறுப்பது வழக்கமாயிற்று. 1967 நவம்பரில் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே. சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியை நிறுத்துப் பார்த்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தேர வேண்டும். ஆதலால் அது பெரிதும் திறன் சார்ந்த ஆட்டமே என்றது. மூன்று சீட்டு ஆட்டம் அத்தகையதன்று என்றும் வேறுபடுத்திக் காட்டியது.

அத்தீர்ப்பில் பலரும் நினைவில் கொள்ளாத இன்னொரு பகுதி உண்டு. வழக்குக்குள்ளானது செகந்திராபாத்தில் இயங்கிய ஒரு மன்றம். அது ஆட்டக்காரரிடம் பெற்ற கட்டணம் ஆட்டத்தின்வழி ஈட்டிய ஆதாயமா, மன்ற வசதிகளுக்கான கட்டணமா என்பதையும் நீதிமன்றம் ஆராய்ந்து, பின்னதே என முடிவு செய்தது. மன்றத்தின் உரிமையாளர் ரம்மி ஆட்டத்திலிருந்தே ஆதாயம் பெறுவாராயின் அது குற்றமாகலாம் என்றும் சுட்டியது. அதாவது கையைப் போற்றிய அதே தீர்ப்பு கழகத்தின் மீதும் ஒரு கண் வைத்திருந்தது. பின்னாளில் "ரம்மி திறன் ஆட்டம்" என்ற பாதி மட்டுமே விளம்பரங்களில் வலம்வந்தது.

இணையத்தில் காசு வைத்து ஆடும் ரம்மியால் தமிழகக் குடும்பங்கள் கடனில் மூழ்கியதையும் உயிர்கள் பறிபோனதையும் செய்தித்தாள்கள் தொடர்ந்து எழுதின. 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த தடைச்சட்டத் திருத்தத்தை அவ்வாண்டு ஆகத்து 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் நல்லூழ் ஆட்டமெனப் பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. 2025இல் வந்த ஒழுங்குமுறைகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு ஆட்டத்திற்குத் தடை விதித்தன. அவ்வாண்டு சூனில் உயர் நீதிமன்றம் அவற்றையும் ஏற்றது. 2025 ஆகத்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ துலாக்கோலையே ஒதுக்கிவைத்தது. திறனாயினும் நல்லூழாயினும், பணயம் வைத்துப் பணம் வெல்லும் எதிர்பார்ப்புடன் ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்திற்கும் தடை என்றது. பணயம் இல்லாத ஆட்டங்கள் அத்தடைக்குள் வரா. நாம் கூறவந்த சீட்டுப்போர் அவ்வகையினது.

பெட்டிக்கடைச் சீட்டும் பெட்டிக்குள் சீட்டும்

தமிழ்ச் சிறுவர்க்குச் சீட்டுப்போர் புதிதன்று. ஆட்டின், டைமண்ட், கிளாவர், ஸ்பேடு என்ற நால்வகைச் சீட்டில் பெரியவர்கள் ரம்மியும் மங்காத்தாவும் ஆட, சிறுவர்கள் கழுதை ஆடினர். யாழ்ப்பாணத்தார் 304 ஆடுகின்றனர். 1990களில் மல்யுத்த வீரர் படம் அச்சிட்ட ட்ரம்ப் சீட்டுகள் பெட்டிக்கடைகளுக்கு வந்தன. உயரம், எடை, மார்பளவு, வென்ற போட்டிகள் என்று எண்களை ஒப்பிட்டு, சிறிய எண் உடையவன் தன் சீட்டை மற்றவனிடம் இழப்பான். கட்டு ஒன்றே, இருவர்க்கும் பொது. விற்ற கடைக்காரர்க்கு அதன்பின் அவ்வாட்டத்தில் வேலை இல்லை.

சப்பானிய ஓவியர் கசுகி தகாஹாஷி 1996இல் தொடங்கிய 'யு-கி-ஓ!' என்ற படக்கதையிலிருந்து கிளைத்த சீட்டாட்டத்தில் கட்டு பொதுவன்று. அவரவர் சேர்த்த சீட்டே அவரவர் படை. அதனைக் கொனாமி நிறுவனம் 'டூயல் லிங்க்ஸ்' என்ற பெயரில் 2017 சனவரியில் உலகெங்கும் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. முழுவடிவ ஆட்டமாகிய 'மாஸ்டர் டூயல்' 2022 சனவரியில் வந்தது. டூயல் லிங்க்ஸில் 20 முதல் 30 சீட்டுகள் கொண்ட கட்டு; ஆளுக்கு 4,000 உயிர்ப்புள்ளி; அது தீர்ந்தவர் தோற்றவர். ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இவ்வாட்டத்தை ஆடுவோர் கூறுவனவற்றை வள்ளுவரின் மூன்று தலைப்புகளில் அடக்கிவிடலாம்.

முதலில் கை. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து முப்பதைத் தேர்ந்து, ஒன்றற்கொன்று துணையாகக் கோப்பது ஒரு கலை என்கின்றனர். எதிரி இனி எதை எடுப்பான் என்று ஊகித்து, தன் பொறிச்சீட்டை மறைத்து வைத்துக் காத்திருக்கும் இன்பத்தை அவர்கள் விவரிக்கக் கேட்டால், சதுரங்கம் ஆடுவோரின் நினைவு வரும். பிறர் வென்ற கட்டை அப்படியே படியெடுத்து ஆடுவோர் மீது ஏளனமும் உண்டு.

அடுத்து கவறு. சீட்டு சரியாக வரவில்லை, நாணயச் சுண்டலில் முதல் ஆட்டம் எதிரிக்குப் போயிற்று என்ற புலம்பல் நாள்தோறும் எழும். மாஸ்டர் டூயலில் முதலில் ஆடுபவர் நெடுநேரம் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே போக, மற்றவர் வெறுமனே பார்த்திருக்க நேர்வது பெருங்குறையாகப் பேசப்படுகிறது. எனினும் நல்லூழ் சார்ந்த தோல்வியை ஆட்டக்காரர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றனர். இன்று எனக்கு, நாளை உனக்கு என்ற சமநிலை அதில் இருக்கிறது.

கசப்பு மிகுவது மூன்றாவதாகிய கழகத்தில்தான். டூயல் லிங்க்ஸில் சீட்டு உறைகள் பெட்டி பெட்டியாக வரும். தொடக்க ஆண்டுகளின் பெரிய பெட்டியில் 200 உறைகள். உயர்ந்த வகைச் சீட்டு ஒவ்வொன்றும் ஒரே ஒரு படி. உறை ஒன்றுக்கு 50 ஜெம். ஒரே சீட்டை மூன்று படிகள் கட்டில் வைக்க விரும்புவோர் மூன்று பெட்டிகளைத் திறக்க வேண்டும். ஒரு பெட்டியை முழுதும் காலி செய்ய 10,000 ஜெம். ஆடி ஆடிச் சேர்க்கலாம். பொறுமையற்றோர் பணம் கொடுத்து வாங்கலாம்.

இப்பெட்டி முறையை ஆட்டக்காரர் பலர் பாராட்டவும் செய்கின்றனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். எடுத்த உறை பெட்டிக்குத் திரும்பாததால், 200 உறைக்குள் வேண்டிய சீட்டு உறுதியாக வந்தே தீரும். ஒவ்வொரு முறையும் புதிதாக 200இல் ஒன்று என்ற வாய்ப்பில் எடுப்பதாயின், 200 முறை எடுத்த பின்னும் நூற்றில் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையுடன் நிற்பர். கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர் இவ்வேறுபாட்டைத் துல்லியமாக எடுத்துரைக்கின்றனர்.

அவர்களது வழக்கு வேறிடத்தில் தொடங்குகிறது. தொடக்கத்தில் ஜெம்கள் மழையெனப் பொழியும். நிலை உயர உயர ஊற்று வற்றும். அரும்பாடுபட்டுச் சேர்த்த கட்டை, அடுத்த பெட்டியில் வரும் வலிய சீட்டுகள் பயனற்றதாக்கும். அல்லது தடைப்பட்டியல் முடக்கும். ஆட்டத்தின் விதியை எழுதுபவரும், சீட்டை அச்சிடுபவரும், விலை வைப்பவரும், கலைத்துப் போடுபவரும் ஒருவரே. பெட்டிக்கடைக்காரர் போல் அவர் விலகிச் செல்வதில்லை.

மறுபக்கமும் உண்டு. ரயட் நிறுவனத்தின் 'லெஜெண்ட்ஸ் ஆஃப் ரூனெட்டெரா' 2020இல் வெளியானபோது, சீட்டுகளை வாரி வழங்கும் ஆட்டம் எனப் போற்றப்பட்டது. 2024 சனவரியில், வருவாயை விடச் செலவே மிகுந்ததாகக் கூறி, அந்நிறுவனம் அதன் குழுவைச் சுருக்கிவிட்டது. புகழ்ந்தோர் பலர், பணம் கொடுத்தோர் சிலர். கழகத்தைக் குறை கூறுவோர் இதனையும் எண்ண வேண்டும்.

அவையை நோக்கிய வினா

புதுச்சேரியில் வாழ்ந்த நாளில் பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பகுதியை 1912இல் வெளியிட்டார். நாட்டைப் பணயம் வைத்த தருமனை அவர் மன்னிக்கவில்லை. காவல் காக்க நின்றவன் வீட்டையே வைத்து இழந்தது போன்ற செயல் என்று கடிந்தார். தனதல்லாததைத் தனதென எண்ணிய பிழை அது. கொனாமியின் 'கிராஸ் டூயல்' என்ற சீட்டாட்டம் 2022இல் வெளிவந்து 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதில் சேர்த்த சீட்டுகள் அன்றோடு மறைந்தன. ஆட்டக்காரர் தம் உடைமை என்று எண்ணியவை கழகத்தின் இரவலே என்பது அன்று தெளிவாயிற்று.

பிற நாட்டு அரசுகள் சில இதனைக் கருதத் தொடங்கிவிட்டன. சீட்டு வரிசை முழுவதையும் சேர்த்தால் பெரும்பரிசு என ஆசை காட்டும் முறைக்குச் சப்பான் 2012இல் தடை விதித்தது. வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டுமெனச் சீனம் 2017இல் பணித்தது. காசுக்கு விற்கும் மறைபொருட் பெட்டிகள் சில சூதாட்டமே எனப் பெல்சியம் 2018இல் முடிவு செய்தது. இங்கோ, பணயம் இல்லை என்றவுடன் வினா முடிந்துவிடுகிறது. பள்ளி மாணவன் தந்தையின் கைப்பேசி வழியே உறை வாங்கும்போது, அவன் எந்த விகிதத்தில் எதைப் பெறுகிறான் என்று கேட்பார் இல்லை.

சூதுபோர் முடிந்ததும் பாஞ்சாலி கேட்ட வினாவை நினைத்துப் பார்ப்போம். தன்னை முன்னமே இழந்துவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று கேட்டாள். அது ஆட்டத்தின் விதியைப் பற்றிய வினா; அவ்விதியை ஏற்று வாளாவிருந்த அவையை நோக்கிய வினா. விகர்ணன் அவள் பக்கம் பேசினான். முதியோர் விடைகூற இயலாது இருந்தனர்.

செஞ்சியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மக்கள் கோயில் எடுத்துத் தீமிதித்து வணங்குவது அவ்வினாவை எழுப்பியவளையே. கைப்பேசிச் சீட்டுப்போரின் ஆட்டக்காரர்கள் தம் மொழியில் எழுப்பும் முறையீடும் அவ்வினாவின் வழிவந்ததென்றே நாம் கருதுகிறோம். ஊழையும் திறனையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கழகத்தின் கணக்கை அவையோர் கேட்க வேண்டும்.