சிவகாசிக்கு வந்த மாயாவி



"காமிக் கான்னா என்ன சார்? அங்க போய் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று போட்டோவைப் பார்த்துவிட்டு நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஷெல் டார்ஃப் என்பவரும் சில இளைஞர்களும் ஒரு ஓட்டலில் மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் சுமார் 300 பேர். அவரவர் வீட்டில் தனியாகப் படக்கதை படித்துக்கொண்டிருந்தவர்கள், நம்மைப் போல இன்னும் பேர் இருக்கிறார்கள் என்று கண்டுகொண்டார்கள். காமிக் கான் பிறந்த கதை அதுதான். இன்று அங்கே லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். இந்தியாவில் 2011-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு முதன்முதலாக வந்தது 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில்.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குப் பேரன்தான் என்னைக் கூட்டிப்போனான். திரும்பின பக்கமெல்லாம் வேஷம் கட்டிய பிள்ளைகள். நம் ஊர்த் திருவிழாவில் வேஷம் போடுவோமே, அதே உற்சாகம். சாமிகளுக்குப் பதில் பேட்மேனும் ஸ்பைடர்மேனும் ஜப்பானிய நருட்டோவும். பேரன் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தவன், "உங்க காலத்துல யாரு தாத்தா ஹீரோ?" என்றான். "இரும்புக்கை மாயாவி" என்றேன். "அவர் எந்த நாடு?" என்றான்.

நல்ல கேள்வி. பிறந்தது இங்கிலாந்தில். 1962-ல் 'வேலியன்ட்' என்ற வார இதழில் வந்த தொடர் அது. கதையைத் தொடங்கி வைத்தவர் கென்னத் பல்மர் என்ற ஆங்கிலேயர். வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் அவருடைய விலாசம் சிவகாசி. 1972-ல் அங்கே சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான்.

பத்திரிகைகளெல்லாம் சென்னையில் இருக்க, இது ஏன் சிவகாசியில்? காரணம் தீப்பெட்டி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் பழகி வந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். மழை குறைந்த கரிசல் பூமியில் விவசாயத்தை நம்ப முடியாது. ஆனால் தீக்குச்சி காய அந்த வெயில்தான் வேண்டும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சு இயந்திரம் வந்தது. இயந்திரம் வந்த பிறகு காலண்டர், டைரி, நோட்டு எல்லாம் வந்தன. அச்சுத் தெரிந்த ஊர் ஆகிவிட்டதால் படக்கதையும் அங்கே முளைத்தது. ஆங்கில வசனத்தை எடுத்துவிட்டு அதே பலூனுக்குள் தமிழை அடக்க வேண்டும். தமிழ்ச் சொற்களோ நீளம். அதனால் வாக்கியங்கள் சின்னதாக, விறுவிறுவென்று அமைந்தன. புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அதைவிடத் தோதான நடை கிடைக்காது.

அப்போது சேத்தூரும் சிவகாசியும் ஒன்றாகவே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். அதனால் எங்களுக்கு மாயாவி சீமைக்காரர் அல்ல, பக்கத்து ஊர்க்காரர். ஒருவன் புத்தகம் வாங்கினால் பத்துப் பேர் படிப்போம். அட்டை கிழிந்ததற்கு ஒரு மாயாவி கொடுத்தால் நல்லதாக ஒரு ஜானி நீரோ கிடைக்காது; அதற்கு இரண்டு கொடுக்க வேண்டும். டிக்கெட் இல்லாத காமிக் கான் எங்கள் தெருத் திண்ணையிலேயே நடந்தது.

பின்னால் நான் வாத்தியார் ஆனபோது எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பாடப்புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்து மாயாவியைத் தட்டாமல் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் பாடப்புத்தகமும் அவனுக்கு வசப்பட்டது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆசைதான் அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது.

1984-ல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் இளம் வயதிலேயே லயன் காமிக்ஸ் தொடங்கினார். அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்தது. பிறகு வீடுவீடாக டிவி வந்தது. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்துவும் விட்டுவிட்டு வந்து, 2012-ல் மறுபடி எழுந்தன. இன்று ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் அவற்றின் வாசகர்கள் ஊர் ஊராக இருந்து வந்து கூடுகிறார்கள். நம் தமிழ்க் காமிக் கான் அதுதான். சந்தோஷமான விஷயம். ஆனால் அந்தக் கூட்டப் படங்களைப் பாருங்கள், பெரும்பாலும் நரைத்த தலைகள். அன்று படித்த பிள்ளைகளே இன்றும் படிக்கிறோம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஆள் குறைவு.

சேத்தூரில் இருந்து வேலைக்காகச் சென்னை, பெங்களூர், துபாய் என்று போயிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், வாசிக்கத் திணறுகிறார்கள் என்று போனில் சொல்கிறீர்கள். திருக்குறளை மனப்பாடம் செய்ய வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு தமிழ்ப் படக்கதையும் வாங்கிக் கொடுங்கள். முதல் நாலு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். மாயாவி மின்கம்பியைத் தொடப்போகிற இடத்தில் நிறுத்திவிட்டு, "அடுப்புல வேலை இருக்கு, மிச்சத்த நீயே படிச்சுக்கோ" என்று எழுந்து போய்விடுங்கள்.