கருவை முள்ளும் கண்மாய்க் கரையும்

என் அப்பத்தாவின் வலது குதிகாலில் ஒரு கருவை முள்ளின் நுனி கடைசி வரை இருந்தது. எருக்கம்பால் வைத்துப் பார்த்தார்கள், ஊக்கால் கிண்டிப் பார்த்தார்கள், வரவில்லை. திருச்சுழிக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கம் விறகுக்குப் போன பெண்களில் முள் சுமக்காத கால் அபூர்வம். ஆனால் அவள் சொல்வாள்: "நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்தச் சீமைக் கருவ இல்லத்தா. கம்மாய்க்குள்ள நாட்டுக் கருவேலந்தான் நின்னுச்சு."

'மனிதச் செயல்பாடுகளால் பூமியின் சூழல் மாறிவிட்டது' என்ற வாக்கியத்தைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு அந்தக் குதிகால்தான் நினைவுக்கு வந்தது. 2000-ல் பால் குருட்சன் என்ற வேதியியலாளர் இந்தக் காலத்தை மனிதர்களின் பெயரால் 'ஆந்த்ரோபசீன்' என்று அழைக்கலாம் என்றார். அதன் தொடக்கத்தை 1950-களில் வைக்கும் யோசனையைப் புவியியலாளர்கள் நீண்ட காலம் விவாதித்து, 2024-ல் வாக்கெடுத்துத் தள்ளினார்கள். யுகமாக அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் மாற்றம் நடந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. எனக்கு உறுத்துவது 'மனிதர்' என்ற சொல்தான். அமெரிக்காவில் ஒருவர் பெயரில் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியாவில் ஒருவர் பெயரில் சுமார் 2 டன் என்கிறது கணக்கு. அந்த இரண்டு டன்னிலும் என் அப்பத்தாவின் பங்கு எவ்வளவு?

எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து முடிந்துவிடும். குண்டாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். அந்தச் சில வார நீரைப் பிடித்து வைக்க உண்டானவையே கண்மாய்கள். வரத்துக்கால், உள்வாய், மடை, கலுங்கு என்று ஒரு கண்மாய் நிறைந்து அடுத்த கண்மாய்க்கு வழியும் சங்கிலி அது. குடிக்க ஊருணி தனி.

இதைச் சொன்னதும் 'அந்தக் காலத்தில் ஊரே கூடிக் கண்மாயைக் காத்தது' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் விடமாட்டேன். ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-ல் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்ற நூலை எழுதிய மானுடவியலாளர் டேவிட் மோஸ், இந்த அமைப்பு அரசதிகாரத்தோடும் சாதிப் படிநிலையோடும் பின்னிக் கிடந்ததைக் காட்டுகிறார். குடிமராமத்துக்கு ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்த 1858-லேயே வெள்ளையர் அரசு சட்டம் போட வேண்டியிருந்தது. சம்பளமில்லாமல் மண் சுமந்தவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊருணியில் இறங்கக் கூடாதென்று தடுக்கப்பட்ட சாதிப் பெண்கள், படித்துறைக்கு வெளியே குடத்தோடு நின்று யாராவது ஊற்றுவார்களா என்று பார்த்திருந்த காலமும் அதுதான்.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நல்லதுதான். கண்மாய்கள் அரசிடம் போயின. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித்துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. தண்ணீருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. மேலே ஒரு துறை, கீழே ஒரு துறை என்று பிரிந்ததில் இரண்டுக்கும் நடுவே ஓடிய வரத்துக்கால்கள் அநாதையாயின. அதே காலத்தில் ஆயில் இன்ஜினும், பிறகு கரண்ட் மோட்டாரும், போர்வெல்லும் வந்தன. கிணறு வைத்திருந்தவருக்குக் கண்மாய் தூர்ந்தால் என்ன? கிணறு இல்லாத வீட்டில் குடத்தைத் தூக்கியவள்தான் கூடுதல் தூரம் நடந்தாள்.

தூர்ந்த கண்மாய்க்குள் சீமைக் கருவை நுழைந்தது. மெக்சிகோவும் தென்னமெரிக்காவும் அதன் தாய்நிலம். தாது வருஷப் பஞ்சம் நாட்டைத் தின்ற 1877-ஐ ஒட்டித்தான் அதன் விதை இந்தியாவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வறண்ட நிலத்துக்குப் பச்சையும், ஏழைக்கு விறகும் கிடைக்கட்டும் என்று அரசே அதைப் பரப்பியது. ஹெலிகாப்டரில் தூவினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அதைவிட நம்பகமான விமானம் வெள்ளாடு. இனிப்பான நெற்றைத் தின்று புழுக்கையில் விதையைப் போட்டுவிட்டுப் போகும், முளைப்புக்கு வேண்டிய பக்குவத்தோடு. காற்றின் ஈரத்தை இந்த மரம் உறிஞ்சிவிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் வேர் ஆழம் போகும், தன் நிழலில் வேறொன்றை எளிதில் வளரவிடாது, உள்வாயை அடைத்துவிடும். இவை போதாதா?

குதிரைவாலியும் வரகும் சுருங்கி, காடுகள் தரிசாகக் கிடந்த வருஷங்களில் எங்கள் வீட்டு உலையைக் கொதிக்க வைத்ததும் அதே மரம்தான். என் அத்தை நாற்பது வருஷமாகக் கரிமூட்டத்தில் வேலை செய்கிறாள். வெட்டிய கட்டைகளை அடுக்கி, தழையும் ஈரமண்ணும் போட்டு மூடி, தீ வைத்து, நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டும். எங்காவது மண் பிளந்து புகை பீறிட்டால் உடனே அடைக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மூட்டத்தைச் சுற்றி வருகிறவள் அவள். ஆறிய பிறகு பிரித்து, தூர்க்கரி தனி, கட்டைக்கரி தனி, தூள் தனி என்று பொறுக்குவதும் பெண்கள்தான். கோடாரி பிடிக்கிற ஆணுக்கு ஒரு கூலி, இவர்களுக்கு அதைவிடக் குறைவு. இருமலுக்குக் கூலி இல்லை.

2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவையை வேரோடு அகற்றச் சொன்னது. சில மாதங்களில் அந்த வேலை நீதிமன்றத்தாலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் எங்கள் கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கியது. மரங்களை ஏலம் எடுத்தவரின் ஆட்கள், சுள்ளி பொறுக்கப் போன பெண்களை விரட்டினார்கள். நானும் அப்போது அந்த மரத்துக்கு எதிராகக் கல்லூரியில் கூட்டம் போட்டுப் பேசியவள்தான். ஊருக்கு வந்ததும் அத்தை கேட்டாள்:

"மரத்த எடுங்கன்னு நீயும் பேசுனியாமே. எடுக்கட்டும்த்தா. எடுத்துட்டு அடுப்புக்கு என்ன வைக்கச் சொல்றீக?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. இலவசமாக வந்த காஸ் அடுப்பு வீட்டின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அடுத்த சிலிண்டருக்குப் பணம் சேரவில்லை. கருவை போக வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கண்மாயில் எந்த மரத்தை எப்போது எடுப்பது, விற்ற காசு யாருக்கு, அடுப்புக்கு மாற்று என்ன என்று முடிவெடுக்கும் இடத்தில் மூட்டம் போடுகிற ஒருத்தியாவது உட்கார்ந்திருக்க வேண்டும். விதை தூவியபோதும் இவர்களைக் கேட்கவில்லை, வேரைப் பிடுங்கியபோதும் கேட்கவில்லை.

போன கோடையில் நூறு நாள் வேலையில் எங்கள் வரத்துக்காலைத் தூர்வாரினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். தலையில் சும்மாடு, கையில் மண்வெட்டி. ஒரு காலத்தில் ஊருணிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேத்திகளும் அதில் இருந்தார்கள். அத்தையும் போயிருந்தாள். ஐப்பசியில் முக்கால் கண்மாய் பெருகியது. தண்ணீர் எட்டாத மேட்டில் விரல் உயரத்துக்குக் கருவைக் கன்றுகள் முளைத்திருந்தன. அத்தை குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தாள். கரையோரம் நின்ற நாலைந்தை மட்டும் விட்டுவிட்டாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை.