சுவரில் பூ போட்டாலும் வரி

சுவரில் ஒட்டும் காகிதத்தின் வரி முத்திரையைப் போலியாக அடித்தால் மரண தண்டனை! நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் 1806-ல் பிரிட்டனில் சட்டமே இருந்தது.

கதை 1712-ல் தொடங்குகிறது. ஆன் ராணி காலத்தில், பூப்போட்ட சுவர்க் காகிதத்துக்குச் சதுர கஜத்துக்கு ஒரு பென்னி வரி போட்டார்கள். அச்சடித்த காகிதத்துக்கும் வண்ணம் தீட்டிய காகிதத்துக்கும்தான் இந்த வரி. பூ இல்லாத வெறும் காகிதத்துக்குக் கிடையாது. பி.காம் படித்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று சொல்லவே வேண்டாம் :-) வெறும் காகிதத்தை வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, அப்புறம் ஸ்டென்சில் வைத்துப் பூவைப் போட்டுக்கொண்டார்கள். (ஜன்னலுக்கு வரி போட்டபோது ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்த ஊர் அது.) இந்த வரி 1836 வரை இருந்தது.

ஸ்டென்சில் என்றால் பெரிய விஷயமில்லை. நம் வீட்டுக் கோல அச்சைச் சுவரில் வைத்த மாதிரிதான். வெட்டிய இடத்தில் மட்டும் வண்ணம் இறங்கும். என் வயதுக்காரர்களுக்கு சைக்ளோஸ்டைல் கேள்வித்தாள் ஞாபகம் வரலாம். அதுவும் இதே குடும்பம்தான்.

இந்த வேலை செழித்தது அமெரிக்காவில், நியூ இங்கிலாந்து கிராமங்களில். 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் நல்ல சுவர்க் காகிதம் என்றால் நகரத்துப் பணக்காரர் வீட்டுச் சாமான். கிராமத்து விவசாயிக்கும் வரவேற்பறை அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை உண்டே! அம்மி கொத்துகிறவர் தெருவில் வருவது போல, அங்கே ஸ்டென்சில் பெட்டியோடு ஆட்கள் ஊர் ஊராக வந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கைந்து வண்ணங்கள். அன்னாசி, இதயம், இலைக்கொடி என்று உருவங்கள். கதவு, ஜன்னல் ஓரமெல்லாம் கொடி ஓடும். முடித்துவிட்டு அடுத்த ஊர். சுவரில் கையெழுத்துப் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

பிறகு இயந்திரம் வந்தது. 1839-ல் இங்கிலாந்தில் டார்வென் ஊரின் பாட்டர் நிறுவனம் சுவர்க் காகிதத்தை இயந்திரத்தில் அச்சடிக்கக் காப்புரிமை வாங்கியது. விலை சரசரவென்று இறங்கியது. கிராமத்து வீட்டுக்காரரும் காகிதம் வாங்கினார். எங்கே ஒட்டினார்? பழைய ஸ்டென்சில் பூக்களின் மேலேயே! விலை அதிகம் என்பதால் பிறந்த கலை, விலை குறைந்ததும் செத்தது. ஆனால் அந்த மலிவுக் காகிதம்தான் புகையும் வெயிலும் படாமல் அந்தப் பூக்களைக் காப்பாற்றியும் கொடுத்தது. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இருபதாம் நூற்றாண்டில் காகிதத்தை உரித்தபோது பூக்கள் வெளியே வந்தன. போட்டது யார்? ஜேனட் வேரிங் என்ற அம்மையார் வீடு வீடாகப் போய் இவற்றைப் பதிவு செய்து, 1937-ல் புத்தகமாகவே வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த பெரிய ஆதாரம், நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பரணில் இருந்த மரப்பெட்டி. மோசஸ் ஈட்டன் (1796-1886) என்பவருடையது. உள்ளே எட்டு பிரஷ், 78 ஸ்டென்சில், மொத்தம் 40 டிசைன். பெட்டியில் இருந்த அச்சையும் சுவரில் இருந்த பூவையும் ஒப்பிட முடிந்தது. பாங்க் பாஷையில் சொன்னால், கணக்குக்கு வவுச்சர் கிடைத்துவிட்டது! இதே பெயருள்ள அவர் அப்பாவும் இதே வேலை செய்தவர் என்பதால் எது யாருடையது என்று பிரிப்பது சிரமம். தவிர, பூவை யார் வேண்டுமானாலும் பார்த்து வெட்டிக்கொள்ளலாம். அதனால் ஆய்வாளர்கள் பல சுவர்களை "ஈட்டன் பாணி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டியையும் யாராவது பழைய சாமானோடு தூக்கிப் போட்டிருந்தால், அந்தப் பெயரும் நமக்குக் கிடைத்திருக்காது. பெட்டி கிடைக்காத மற்றவர்கள் எத்தனை பேரோ.

இப்போது பெயிண்ட் கடையில் ஒரு சுவர் ஸ்டென்சிலுக்குச் சொல்லும் கூலியைக் கேட்டால், வெள்ளையடிப்பதே மேல் என்று தோன்றுகிறது. மாற்றலில் ஊர் ஊராகப் போகும் நம் போன்றவர்கள் நாமே செய்துகொள்ளலாம். பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிய அச்சு, நாலு மூலைக்கும் டேப், தட்டையான முனையுள்ள பிரஷ். வண்ணத்தைத் தொட்டதும் பழைய துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். இழுத்தால் அச்சுக்கு அடியில் கசிந்துவிடும். அச்சை எடுத்து, பின்புறம் துடைத்து, அடுத்த இடம்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.