பெயர் ஏறிய பலகை: திருநெல்வேலி மாவட்டக் கைதுப் பதிவுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பு நகலில் தம் பெயரை மறைக்கக் கோரினார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பதிவான அந்த மனுவை 2021 ஆகஸ்டில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தள்ளுபடி செய்தார். அதற்கு முந்தைய மாதம் மனுதாரர் பக்கம் நியாயம் இருப்பதாக முதல் நோக்கில் கருதியவரும் அவர்தாம். பெயர் நீக்கத்துக்குப் புறநிலையான அளவுகோல் வேண்டும், அதைச் சட்டமன்றமே வகுக்க வேண்டும், தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது இறுதித் தீர்ப்பின் சாரம். அந்த முடிவைவிட அதன் அடியில் ஓடும் வரலாற்றுப் பார்வையோடுதான் எனக்கு முரண்பாடு. பதிவை அழிக்கும் உரிமை இணையக் காலத்தில் முளைத்த புதுக் கோரிக்கை என்றும், நம் சட்டம் அதற்கு அளவுகோல் வகுத்ததே இல்லை என்றும் அத்தீர்ப்பு நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் அப்படிக் கொண்டால்தான் அதன் வாதம் நிற்கும்.

தீர்ப்பின் வலுவான பகுதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஏனோதானோ விசாரணை, பொய் சொல்லும் சாட்சிகள், சாட்சிகளுக்குப் பாதுகாப்பின்மை ஆகியவற்றால் நம்மூரில் விடுதலைகள் நிகழ்கின்றன. அப்படியிருக்க விடுதலை ஒவ்வொன்றையும் குற்றமின்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியுமா என்று நீதிபதி கேட்கிறார். தாமிரபரணிக் கரையில் சாதி வன்முறை வழக்குகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பான 1994ஆம் ஆண்டு வழக்கிலும், நீதிமன்ற ஆவணம் உட்படப் பொது ஆவணமாகிவிட்ட செய்திக்குத் தனியுரிமை பொருந்தாது என்றுதான் உச்ச நீதிமன்றம் பொதுவாகச் சொன்னது. ஆகவே, பொது ஆவணம் பொதுவாகவே இருக்கட்டும் என்போர் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆனால் மாவட்ட அளவில் இந்தப் பதிவுகள் ஏன் பொதுவாயின, எப்போது அழிக்கப்படலாயின என்ற கேள்வி அந்த வாதத்தில் எழவே இல்லை.

பழைய பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். மக்கள் ரேகைச் சட்டம் என்று அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மதுரைப் பக்கத்துக் கள்ளரோடு திருநெல்வேலி மறவரும் அதன் பிடியில் சிக்கினர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது நாடறிந்த செய்தி. அதிகம் பேசப்படாதது பதிவேட்டின் நிர்வாகம். பதிவேடு காவல் கண்காணிப்பாளர் வசம் இருக்கும். ஆனால் மாவட்ட நடுவரான ஆட்சியரின் எழுத்துமூல உத்தரவின்றி அதில் ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. பதிவால் குறைபட்டவர் அவரிடம் முறையிடலாம். ரேகை வைத்துவிட்டு ராத்திரிச் சீட்டு வாங்கி நடமாடிய ஏழைக்கு அந்த வாசல் எட்டாக்கனி என்பதை நான் மறுக்கவில்லை. பிறப்பையே குற்றமாக்கிய சட்டம்கூட, பெயர் நீக்க அதிகாரம் மாவட்டத்தில் யாரிடம் இருக்கிறது என்று எழுதிவைத்தது என்பதே இங்கு முக்கியம். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டமே நீக்கப்பட்டது.

பெருங்காமநல்லூர் நடந்த அதே ஆண்டில் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. அதன் 7ஆம் பிரிவுதான் என் வாதத்தின் அச்சாணி. முன்தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ விடுதலை பெற்றாலோ, அவருடைய அளவுகளும் படங்களும் அழிக்கப்பட வேண்டும், அல்லது அவரிடமே ஒப்படைக்கப்பட வேண்டும். வேறு விதமாக உத்தரவிட விரும்பும் நீதிமன்றமோ நடுவரோ அதற்குக் காரணத்தை எழுத வேண்டும். அழிப்பது விதி, வைத்திருப்பது விலக்கு. சந்தேகத்தின் பலனால் பெற்ற விடுதலைக்கும் இதில் இடம் உண்டு: ஐயமிருந்தால் நீதிமன்றம் காரணம் எழுதி நிறுத்திவைக்கலாம். 2021இல் தேடப்பட்ட அளவுகோல் 1920இலேயே கையில் இருந்தது. அது ரேகைக்கும் படத்துக்கும் உரியது, தீர்ப்பு நகலுக்கு நேரடியாகப் பொருந்தாது என்று சொல்லலாம். பொருள் வேறுதான்; நெறி ஒன்று.

இனி மறுபக்கம்: கைதுச் செய்தி பொதுவெளிக்கு வந்த கதை. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், கைதான 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போக வேண்டும், அதை அங்குள்ள பலகையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றது. லாக்கப் மரணங்களைத் தடுக்கப் பிறந்த விதி இது. ஆளைப் பிடித்துப் போனவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டார் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்த இடத்தில் மாஞ்சோலை வருகிறது. 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலம், முன்பு கைதாகிச் சிறையிலிருந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியது. அன்று 17 பேர் உயிரிழந்தனர். சிறையிலிருந்தோர் எண்ணிக்கை 652 என்று பல எழுத்துகளிலும், 653 என்று சிலவற்றிலும் காணப்படுகிறது. ஒற்றை எண்ணின் வேறுபாட்டின்மேல் பெரிய முடிவைக் கட்ட முடியாதுதான். அச்சுப் பிழையாக இருக்கலாம், இடையில் ஒருவர் ஜாமீனில் வந்திருக்கலாம். ஆயினும் அழுத்திச் சொல்வேன்: பாசு தீர்ப்பு வந்து இரண்டரை ஆண்டு கழிந்த நிலையில், பெயர்ப்பட்டியல் ஒன்று எல்லாரும் பார்க்கும்படி மாவட்டத் தலைநகரில் நிலைத்திருந்தால் இந்த இரட்டை எண் இத்தனை காலம் உலவியிராது. பலகை அன்று பயன்பட்டிருக்க வேண்டியது தொழிலாளிக்கே.

பாசு தீர்ப்பின் நெறி, 41சி பிரிவாகக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் ஏறியது. அதை 2009 என்று கணக்கிடுவதா, நடைமுறைக்கு வந்த 2010 நவம்பர் 1 என்று கணக்கிடுவதா என்பதில் இரு வழக்கும் உண்டு. நான் தீர்க்க முயலவில்லை. பிரிவின் வாசகமே முக்கியம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே உள்ள பலகையில் கைதானவரின் பெயர், முகவரியோடு, கைது செய்த அதிகாரியின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 37ஆம் பிரிவை இதன் அருகில் வைத்துப் படித்தால் மாற்றம் புலப்படும். கைதானவரின் பெயரும் முகவரியும் தொடர்கின்றன. குற்றத்தின் தன்மை புதிதாகச் சேர்கிறது. டிஜிட்டல் வழியும் ஒவ்வொரு காவல் நிலையமும் சேர்கின்றன. கைது செய்த அதிகாரியின் பெயரைக் காணோம்.

கைதுக் குறிப்பாணை போன்ற வேறு ஆவணங்களில் அதிகாரி அடையாளம் காணப்படுவார் என்று பதில் வரலாம். ஆனால் அது பொதுமக்கள் பார்க்கும் பலகை ஆகாது. பிடித்தவரையும் பிடிபட்டவரையும் ஒருங்கே காட்டியதால்தான் பலகை காவலாக நின்றது. ஒரு பக்கம் மறைந்ததும் அது பிடிபட்டவரின் பெயரை மட்டும் ஊருக்குச் சொல்கிறது. முகவரியும் குற்றமும் சேர்ந்து திரையில் ஏறினால் நாளை வேலை தருபவர் கண்ணிலும் படும். பாதுகாப்புக்காக வெளியிடப்பட்ட பெயர், அந்தத் தேவை தீர்ந்ததும் இறங்க வேண்டும். 37ஆம் பிரிவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

நீக்கும் வாசலும் இதே காலத்தில் குறுகியது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2022இல் வந்த குற்ற நடைமுறை (அடையாளங்காணல்) சட்டம், பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. விடுதலையானவரின் பதிவை அழிக்கும் விதி உண்டு. ஆனால் சட்டப் பரிகாரங்கள் அனைத்தும் முடிந்த பிறகே. அவரிடமே ஒப்படைக்கலாம் என்ற பழைய வழி போய்விட்டது.

வழக்கைத் திரும்பப் பெறுவதும் முழுத் தீர்வு ஆகாது. கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி வாபஸானாலும் எஃப்.ஐ.ஆர். கோப்பில் இருக்கும், எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றச் சொன்ன 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பதிவானது என்றால், விலக்களிக்கப்பட்டவை தவிர, இணையத்திலும் ஏறியிருக்கும். தமிழ்நாட்டில் காவலர் தேர்வு எழுதும் இளைஞருக்கு இதன் விலை தெரியும்: சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கொள்ளும் பணி விதியை 2008இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு ஏற்றது.

2024 பிப்ரவரி 27 அன்று நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர். விஜயகுமார் அமர்வு, தொடக்கத்தில் சொன்ன 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றிப் பெயரை மறைக்க உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நீதிமன்ற வழி இப்படி நிற்க, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. முடிய வேண்டிய சட்டப் பரிகாரங்கள் யாருடையவை? விடுதலையானவருக்கு மேல்முறையீடு செய்ய எதுவும் இல்லை. எனவே அரசின் மேல்முறையீட்டைத்தான் அது குறிக்கும் என்பது என் வாசிப்பு. அப்படியானால் அரசு மேல்முறையீடு செய்யாமல் காலக்கெடு கடந்த நாளிலேயே அழிக்கும் கடமை தொடங்க வேண்டும். ஆனால் தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை ஏற்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருப்பதால், அந்த நாளை உறுதியாகக் குறிக்கச் சட்டத்தின் வாசகம் இடம் தரவில்லை.