பொன்மருந்தும் ஒரு மடக்குத் தண்ணீரும்

ஆடிக்கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டம் திருத்தணியைக் காலி செய்துவிட்டுப் போன வாரம். எதிர்வீட்டுப் பூக்கார அக்காவின் நாய் மணிக்கு மூக்கில் ரத்தம் ஒழுகியது. கூட்டத்தில் யாரோ கல்லால் அடித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தோம். காயம் எதுவும் இல்லை. ஈறு வெளுத்திருந்தது. காதைத் திருப்பிப் பார்த்தால் ஆமணக்கு விதைகளைப் பதித்து வைத்ததுபோல உண்ணிகள்.

“மெடிக்கல்ல கேட்டேன் தம்பி. மனுசங்களுக்குக் குடுக்குற மாத்திரையேதானாம். தெனம் பாதி குடுன்னாரு” என்று அக்கா ஓர் அட்டையை நீட்டினாள். டாக்சிசைக்ளின், 100 மில்லிகிராம்.

உண்ணிக் காய்ச்சலுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் கொடுத்த விதம் சரியில்லை. அது எங்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. நடுவில் இந்த நோயைப் பற்றிப் படிக்கப்போய், அதன் கதை நமக்கு எவ்வளவு பக்கத்தில் நடந்திருக்கிறது என்று தெரிந்து வியந்துபோனேன்.

1910-ல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற மருத்துவ அதிகாரி, ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற வெள்ளைக்காரர்களின் வேட்டைக் குழு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் புதிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். பிறகு நரிகளிடமும் அது இருந்தது. இன்று அதற்குப் பெயர் பபேசியா கிப்சோனி. 1935-ல் அல்ஜீரியாவில் டொனாட்டியன், லெஸ்டோகார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அது வெள்ளையணுவுக்குள் புகுந்து குடியிருக்கும் பாக்டீரியா, எர்லிக்கியா கேனிஸ். ஒன்பதே வருடத்தில், 1944-ல், எஸ். வி. முதலியார் தென்னிந்திய நாய்களில் இந்த நோய் இருப்பதை இந்தியக் கால்நடை மருத்துவ இதழில் எழுதினார். நாட்டிலேயே முதல் பதிவு அது.

உலகம் விழித்துக்கொள்ள ஒரு போர் வேண்டியிருந்தது. வியட்நாமில் 1968-லிருந்து அமெரிக்க ராணுவத்தின் மோப்பநாய்கள் மூக்கில் ரத்தம் வடிந்து சாக ஆரம்பித்தன, நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றும் பயிற்சி கொடுத்துக் கொண்டுவந்த நாய், ராணுவம் சும்மா இருக்குமா? ஹக்ஸால் முதலான ஆய்வாளர்கள் துருவிப் பார்த்ததில் அது பழைய எர்லிக்கியாதான் என்றும், டெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படுகிறது என்றும் தெரிந்தது. அதையே தெருநாய் காலங்காலமாக அனுபவித்திருக்கும். கணக்கெடுக்கத்தான் ஆள் இல்லை.

டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு புல்வெளி மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரியில், எழுபது வயதைத் தாண்டிய பெஞ்சமின் டக்கர் 1945-ல் அதைக் கண்டெடுத்தார். பொன்னிறமாக இருந்ததால் லத்தீனில் பொன்னின் பெயர். அவர் வேலை பார்த்த லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம் எல்லப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்ட அதே 1948-ல், ஆகஸ்டில், காலமானார். அவர் படித்த காலத்தில் பீமாவரமும் திருத்தணியும் ஒரே மதராஸ் மாகாணம். மாநிலம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போன திருத்தணி, 1960 ஏப்ரலில்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. எல்லைச் சண்டை போட்டவர்களுக்கு இந்தப் பொன்மருந்தில் பாதிப் பங்கு யாருக்கு என்று சண்டை போடத் தோன்றவில்லை. நல்லதுதான்.

அந்தக் குடும்பத்தில் 1967-ல் விற்பனைக்கு வந்த இளையவன் டாக்சிசைக்ளின். எர்லிக்கியா கண்ட நாய்க்கு எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஒரு நாளைக்கு, 28 நாள் என்பது கால்நடை மருத்துவத்தில் பொதுவான வழக்கம். மணி பதினைந்து கிலோ இருக்கும். பாதி மாத்திரை என்றால் 50 மில்லிகிராம், வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு. நான்காம் நாள் அவன் சோறு தின்றான், வாலாட்டினான். ஐந்தாம் நாள் அக்கா மருந்தை நிறுத்தினாள். இந்த மருந்து கிருமியைக் கொல்வதைவிடப் பெருகவிடாமல் தடுப்பதே அதிகம். உயிரணுவுக்குள் ஒளிந்திருப்பது பாதியில் நிறுத்தினால் திரும்ப எழும், முற்றினால் எலும்பு மஜ்ஜையையே முடக்கும். மணிக்கு மறுபடி ரத்தம் வந்தது. இந்தத் தடவை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மருந்து எழுதுமுன் ரத்தம் எடுத்தார். பேட்டன் கண்ட பபேசியாவாக இருந்தால் டாக்சிசைக்ளின் மட்டும் போதாது, வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்றார்.

இரண்டாவது தப்பு என்னுடையது. அக்கா வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையில் ஒரு துண்டை என் பூனைக்குக் கொடுத்தேன். கண்ணில் பீளையும் தும்மலும் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. வாயைத் திறந்து, உள்ளே தள்ளி, தாடையை மூடிப் பிடித்தேன். விழுங்கிவிட்டது. ஐந்து நாள் இப்படியே.

விழுங்கியது வயிற்றுக்குப் போகவில்லை. பூனைக்கு வறண்ட மாத்திரை உணவுக்குழாயில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்தும் இறங்காமல் கிடப்பதை எக்ஸ்ரே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னாலேயே 6 மில்லி தண்ணீர் கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. டாக்சிசைக்ளினின் வழக்கமான உப்பு கரைந்தால் அமிலம்போல. நின்ற இடத்தைச் சுட்டுப் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு குழாயை இறுக்கும். இரண்டு வாரத்தில் என் பூனை தின்றதையெல்லாம் அப்படியே கக்கியது. பசியோடு ஓடி வரும், நக்கும், கக்கும். சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போய், குழாய்க்குள் பலூன் விட்டு விரித்தார்கள், மூன்று தடவை. இப்போதும் கரைத்த கஞ்சிதான்.

டாக்டர் திட்டவில்லை. “பூனைக்கு இதை எழுதினா நானே திரவமாத்தான் எழுதுவேன். மாத்திரைதான்னா பின்னாடியே தண்ணி, இல்ல ஒரு வாய் சாப்பாடு. பால்ல கலக்காதீங்க, சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடிச்சுக்கும். குட்டிக்கும் சினையா இருக்கறதுக்கும் கேக்காமக் குடுக்காதீங்க, பல்லுல கறை ஏறும்” என்றார்.

மணிக்கு இந்த முறை 28 நாள் முழுசாக. உண்ணி சுவர் வெடிப்பில் முட்டையிடும் என்பதால் அக்கா திண்ணை வெடிப்பையெல்லாம் பூசினாள். தினம் காலையில் பூக்கூடையோடு படியேறப் போகுமுன் என் வாசலில் நிற்பாள்.

“தம்பி, அந்த ஊசியில்லாத ஊசிய எடு. மாத்திர போட்டாச்சு, தண்ணி உடணும்.”