இனிஷியலுக்கு அந்தப் பக்கம்

உங்கள் தாத்தாவின் தாத்தா பெயர் தெரியுமா? முழிக்கிறீர்களா? தப்பு உங்கள் மேல் இல்லை. நம்ம இனிஷியல் அப்பாவோடு நின்றுவிடும்.

வேல்ஸ் நாட்டிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். ரீஸின் மகன் 'ஆப் ரீஸ்'. பிற்பாடு அதுவே 'பிரைஸ்' என்று குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அங்கே வேர் தேடுபவர்களுக்கு, 1538 உத்தரவுப்படி தொடங்கிய தேவாலயப் பதிவேடுகளும், 1858 வரை சர்ச் கோர்ட்டுகளில் மெய்ப்பிக்கப்பட்ட உயில்களும் கைகொடுக்கின்றன.

நாஞ்சில் நாட்டில்? கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு. மற்றவர்களுக்குப் பழைய பத்திரமும் ஓலையும்தான். ஆனால் ஜாக்கிரதை! அங்கே வேளாளர் வீடுகளில் சொத்து மகனுக்குப் போகாது. மருமகனுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைக்குப் போகும். மகனுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சின்னப் பங்கு, அவ்வளவுதான். கவிமணி 'மருமக்கள் வழி மான்மியம்' எழுதிக் கிண்டலடித்த வழக்கம் இது. 1926-ல் சட்டம் வந்துதான் மாறியது.

ஆகவே, உங்கள் பூட்டனுக்கு வயல் எப்படி வந்தது என்று பார்க்க அவருடைய அப்பா பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். தாய்மாமன் பெயரில் தேடுங்கள். அதற்கு, பூட்டனின் அம்மா எந்த வீட்டுப் பெண் என்று தெரிய வேண்டும். அது எந்த இனிஷியலிலும் இல்லை. வீட்டுப் பெரியவர் நினைவில்தான் இருக்கிறது.

இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். பத்திரம் காத்திருக்கும். பெரியவர்?